யார் வீட்டுக்கு யார் வருவது

எங்கள் கட்சிக்கு இரண்டு தலைமையகங்கள். ஒன்று ஆற்றோரத்தில், புல் வேய்ந்த பெரிய வட்டவீடு. இன்னொன்று சாலையோரத்தில், தகரக் கொட்டகை. ஒன்றில் தும்மினால் மற்றதில் கேட்கும். இரண்டின் வாசலிலும் ஒரே சிவப்புக் கொடிதான், ஒரே வாசகம்தான்: 'மண் திரும்பட்டும், உழைப்பவர் நிமிரட்டும்.' சனிக்கிழமை வட்டவீட்டுக்கு நிதி திரட்ட பிங்கோ நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டகைக்கு நிதி திரட்ட பிங்கோ நடத்துவேன். இரண்டு நாளும் ஆட வருவது அதே பெண்கள், தோற்பது அதே பெண்கள். நீ எந்தக் கட்சி என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். இரண்டுக்கும் சேம்பு உரித்தவள் நான், வேறென்ன சொல்ல?

வட்டவீட்டுக்காரன் ஒக்தாவ், என் பெரிய அக்கா மகன். அவனுடையது மண்மீட்புக் கட்சி. கொட்டகைக்காரன் சில்வேன், என் சின்ன அக்கா மகன். அவனுடையது மூல மண்மீட்புக் கட்சி. 'மூலம்' என்றால் என்னடா என்று ஒருமுறை சில்வேனைக் கேட்டேன். "நாங்கதான் ஒரிஜினல், சின்னம்மா" என்றான். அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கட்சிக்கு அவன் எப்படி ஒரிஜினல் ஆனான் என்று கேட்டதற்குக் கொடியைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்து போய்விட்டான்.

கட்சி என் கண்முன்னால் பிறந்தது. ஒக்தாவின் அப்பாவும் சில்வேனின் அப்பாவும் எங்கள் தீவை ஆளுகிற பிரான்ஸில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் தாடி வளர்த்து, ஒரே கப்பலில் ஒரே பெட்டி நிறையப் புத்தகத்தோடு எங்கள் ஊர் திவாய்க்குத் திரும்பினார்கள். தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்கள் ஏமாற்றப்பட்டவர்கள், வெள்ளைக்காரப் பண்ணைகள் எல்லாம் நம் பாட்டன்களின் வள்ளிக்கிழங்குத் தோட்டங்கள், அதைத் திரும்ப எடுப்போம், எடுத்ததைப் பொதுவில் வைத்து உழைப்போம் என்றார்கள். அதுவரை எல்லாம் சரி. அதோடு, வந்தவன் துணி வைத்து, வீட்டுக்காரன் அதை எடுத்து, இப்படி முறை செய்வதெல்லாம் பிரபுக்கள் காலத்து வழக்கம், அதை ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒக்தாவின் அப்பா கையில் ஒரு முழத் துணிகூட இல்லாமல் தன் தாய்மாமன் வீட்டுக்குள் நுழைந்து, "தோழர்களே!" என்று கையை உயர்த்தினார். அவருடைய அம்மா துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றுகொண்டார். கடைக்குப் போய்த் துணியும் புகையிலையும் வாங்கிவந்து, தலைகுனிந்து, முறையாகப் பேசி வைத்த பிறகுதான் அவருக்குச் சோறு. அன்றைக்குப் புரட்சி கொஞ்சம் திருந்தியது. கட்சி விதிகள் எழுதியபோது முதல் விதியாக இதைத்தான் எழுதினார்கள்: முறை செய்யாமல் தோழர் எவரும் எந்த ஊருக்குள்ளும், எந்த வீட்டுக்குள்ளும், எந்தக் கூட்டத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாது.

பிறகு வேலிகளைப் பிடுங்கினோம். பண்ணை மாடுகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்றன. கலவர வருடங்களில் ஆண்கள் மலைக்கு ஓடிவிட, சாலையை மறித்துப் பானையும் பாயுமாக உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒரு போலீஸ்காரனின் துப்பாக்கிக் கட்டை என் பெரிய அக்காவின் தோளில் விழுந்தது. சாகிறவரை அந்தக் கையால் அவளால் தலை வார முடியவில்லை. பண்ணை திரும்பி வந்தது. அது பொய்யில்லை. இந்தக் கட்சி இல்லாவிட்டால் நான் இப்போது சேம்பு நடுகிற இடத்தில் இன்னும் எவனோ ஒருவனின் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். ஒன்றுக்கும் உதவாத கட்சியாக இருந்தால் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பேன்.

பிரான்ஸோடு உடன்படிக்கை வந்தபோது கட்சி உடைந்தது. ஒக்தாவின் அப்பா கையெழுத்துப் போடலாம் என்றார். சில்வேனின் அப்பா போட்டால் தொலைந்தோம் என்றார். கையெழுத்து அவர்கள் இல்லாமலே விழுந்தது. அதன் பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. என் அக்காக்கள் ஆற்றில் துணி துவைக்கும்போது மட்டும் ரகசியமாகச் சந்தித்துக்கொள்வார்கள். பிறகு நால்வரும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொத்தாகக் கிடைத்தது ஆளுக்கொரு கொடியும் ஒரு சண்டையும்தான்.

சண்டையின் பலனை மூன்றாவது ஆள் சாப்பிட்டான். ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் ஓட்டு பாதிப் பாதியாகப் பிரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிறவன், பிரான்ஸ் கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டுகிறவன், சிரித்துக்கொண்டே மேயர் நாற்காலியில் உட்காருவான். அவன் உட்கார்ந்தது பழகிப்போனது. ஆனால் இந்தத் தேர்தலுக்கு முன் அவன் ஒன்று சொன்னான்: மறுபடி ஜெயித்தால் நிக்கல் சுரங்கத்துக்குப் போக மேல் வழியாகச் சாலை விடுவேன்.

மேல் வழி என்றால் எங்கள் ஊற்று. திவாயின் எல்லா வீட்டுக் குழாய்க்கும் அந்த ஒரு ஊற்றிலிருந்துதான் தண்ணீர். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு சாலை போட்டார்கள். முதல் மழையிலேயே மலை கரைந்து வந்தது. அங்கே இப்போது ஆறு செங்கல் நிறத்தில் ஓடுகிறது, லாரியில் வருகிற தண்ணீருக்காக வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். என் மகள் அங்கேதான் வாக்கப்பட்டாள். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட என் வீட்டுக்குக் கொண்டு வருகிறாள். ஊற்றுக்கு மேல் சாலை வரக் கூடாது. எனக்கு வேறு கொள்கை கிடையாது.

அதற்கு ஒரே வழி, இரண்டு மண்மீட்பும் ஒரே வேட்பாளர் பட்டியல் போடுவது. நானே என் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரத்துக்கும் சாலையோரத்துக்கும் அலைந்தேன். ஆச்சரியம், எல்லாவற்றுக்கும் இருவரும் தலையாட்டினார்கள். ஊற்றைக் காப்பது, சரி. பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை, சரி. ஆண் ஒன்று பெண் ஒன்று என்று சட்டப்படி மாறிமாறிப் பெயர் போடுவது, சரி. இரண்டாவது பெயர் சின்னம்மா, அதுவும் சரி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அப்ப நாளைக்கே உக்காந்து முடிச்சுருவோம். எங்க உக்காரலாம்?" என்று ஒக்தாவைக் கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"இதென்ன கேள்வி சின்னம்மா? கட்சி பொறந்தது இந்த வட்டவீட்ல. எங்கப்பா மண்ணு. அவன் துணியோட வரட்டும், நான் எடுத்துக்கறேன்."

சில்வேனிடம் போனேன்.

"நான் போறதா? கட்சிக்கு மொத தலைவர் எங்கப்பா. கொடிக்கம்பத்த நட்டது எங்கப்பா. தலைவன் வீட்டுக்குத்தான் மத்தவன் வரணும். அவன் துணியோட வரட்டும்."

"டேய், ஒரு துணி. கடையில அடுக்கி வச்சிருக்கான். நானே வாங்கித் தரேன், நீ கொண்டு போய் வையேன்."

"துணிக்கா சின்னம்மா பாக்கறேன்? வச்சவன் வந்தவன். எடுத்தவன் வீட்டுக்காரன். நான் வச்சேன்னா இத்தன வருஷம் நாங்கதான் விட்டுட்டுப் போனோம்னு ஆயிடும்."

"விட்டுட்டுத்தானடா போனீங்க?"

"பாத்தீங்களா! நீங்களும் அவன் பக்கம்!"

பொது இடம் தேடினேன். கோயில் கூடத்தில் உட்கார்ந்தால் இருவருமே பாதிரியாருக்கு முறை செய்ய வேண்டும், அவரோ வெளியூர்க்காரர். கால்பந்து மைதானத்து மண் இருக்கிறதே, அது கடைக்கார மேயருக்கு ஓட்டுப் போடுகிற குலத்தின் மண். ஆற்று மணலில் உட்காருங்கள் என்றேன். எடுத்துக்கொள்ள வீட்டுக்காரன் இல்லாத பேச்சை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்றார்கள் இருவரும், தனித்தனியாக, ஒரே சொற்களில். பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் எத்தனையோ கட்சிகள் பணத்துக்கு உடைந்திருக்கின்றன, பதவிக்கு உடைந்திருக்கின்றன. எந்த வாசல்படியில் யார் நிற்பது என்று தெரியாமல் ஊற்றுத் தண்ணீரைச் சாக விடுகிற கட்சி எங்கள் கட்சி ஒன்றாகத்தான் இருக்கும். தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்படி அடித்துக்கொண்டபோதுதான் அந்த யோசனை வந்தது. இருவருமே வந்தவர்களாக இருக்க வேண்டும். இருவருமே துணி வைத்தே தீர வேண்டிய ஒரு வாசல் வேண்டும். அப்படி ஒரு வாசல் இருக்கிறது: தாய்மாமன் வாசல். இரண்டு பேருக்கும் ஒரே தாய்மாமன், என் அண்ணன் ஃபிர்மின். குழந்தை பிறந்ததும் காதில் ஊதி மூச்சைக் கொடுப்பவன் தாய்மாமன். எவ்வளவு பெரிய தலைவனும் அவன் முன்னால் குனிந்துதான் ஆக வேண்டும். அதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று லாரி வைத்திருக்கிறான், சுரங்கத்துக்கு மண் அடிக்கிறான். முற்றம் முழுக்க சிமெண்ட். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. கலவர வருடங்களில் நாங்கள் சாலையை மறித்தபோது, தாண்டிப் போக வழி கேட்டு ஹாரன் அடித்தவன். நல்லவன்தான், செலவாளி, சிரிப்பான். அரசியல் பேசினால் கொட்டாவி விடுவான். அதனால்தான் அவன் பொருத்தம் என்று நினைத்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஆள் அல்ல, ஒரு வாசல். அந்த வாசலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான் என்று நான் யோசிக்கவே இல்லை.

"நான் என்ன செய்யணும்?" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். துணிய எடுத்துக்க. ரெண்டு வார்த்த நல்லதா பேசு. அவ்வளவுதான்."

"சாப்பாடு?"

"நான் பூன்யா வேக வக்கிறேன்."

"அப்ப சரி" என்றான்.

அந்த நாளை இப்போது நினைத்தாலும் என் கண் கலங்கத்தான் செய்கிறது, கோபத்தையும் மீறி. ஆற்றோரத்துக்காரர்கள் ஒரு பக்கமிருந்து வந்தார்கள், கொட்டகைக்காரர்கள் இன்னொரு பக்கமிருந்து வந்தார்கள். எல்லார் கழுத்திலும் சிவப்புத் துண்டு. சிமெண்ட் முற்றத்தில் பாய் விரித்து, ஒக்தாவ் ஒரு துணியை வைத்தான், அதன்மேல் வள்ளிக்கிழங்கு. பக்கத்தில் சில்வேன் ஒரு துணியை வைத்தான், அதன்மேலும் வள்ளிக்கிழங்கு. இருவரும் தரையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிரிந்து போன இரண்டு பாதைகள் இன்று தங்கள் மூச்சின் வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன என்றான் ஒக்தாவ். எங்கள் சொல்லை மாமா எடுத்துத் தன் கூடையில் வைத்துக்கொள்ளட்டும் என்றான் சில்வேன். அண்ணன் கொட்டாவி விடவில்லை. எழுந்து நின்று, குனிந்து, இரண்டு துணிகளையும் சேர்த்து ஒன்றாக எடுத்தான். தன் அக்கா தங்கை பெயர்களைச் சொன்னான், செத்தவர்களைச் சொன்னான். அவனுக்கு இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. ஒக்தாவும் சில்வேனும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாங்கள் எல்லாரும் அழுதோம். வாழையிலையில் வெந்த பூன்யாவைப் பிரித்தபோது தேங்காய்ப்பால் வாசத்தில் தெருவே நின்றது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பட்டியலின் முதல் பெயர் யார் என்ற பேச்சு வந்தது. ஒக்தாவ் சில்வேனைப் பார்த்தான். சில்வேன் ஒக்தாவைப் பார்த்தான். இப்போதுதான் அழுது முடித்தவர்கள், நான்தான் என்று எவனும் சொல்ல முடியாது. நீதான் என்று சொல்லவும் எவனுக்கும் வாய் வரவில்லை.

சில்வேன்தான் ஆரம்பித்தான். "நம்ம சொல்லு இப்ப மாமா கூடையில இருக்கு."

"ஆமா" என்றான் ஒக்தாவ். "எடுத்தவர்தான சொமக்கணும்?"

கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்னடா பேசறீங்க? அவரு லாரி வச்சிருக்காருடா! சுரங்கத்துக்கு ஓட்டறாரு!"

"லாரி ஓட்டறவனும் உழைப்பாளிதான், சின்னம்மா" என்றான் ஒக்தாவ்.

"மூணு லாரிய வச்சு ஆள் போட்டு ஓட்டறவன் மொதலாளிடா! உங்க கட்சிப் புத்தகத்துலயே இருக்கு!"

"சின்னம்மா, இப்பத்தான் ஒண்ணு சேந்தோம். ஒடைக்காதீங்க."

அது ஒரு நல்ல வாய்ப்பூட்டு. ஒன்று சேர வைத்தவளையே அதைச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணனிடம் திரும்பினேன். "அண்ணே, ஊத்து என்னாகும்? அத மட்டும் சொல்லு."

"பசங்க என்ன சொல்றாங்களோ அதத்தான் நான் செய்வேன், ஒனொரின்" என்றான். அப்போது அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பையன்கள் தன் எதிரில் வாய் திறக்கவே முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

எழுந்து போயிருக்கலாம். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பெண்கள் எல்லாரும் என்னோடு எழுந்து வந்திருப்பார்கள், பட்டியல் போயிருக்கும், கடைக்காரன் மறுபடி ஜெயித்துச் சாலையைப் போட்டிருப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சாலை நின்றுகொண்டிருந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஜெயித்தோம். அப்படி ஒரு ஜெயிப்பைத் திவாய் பார்த்ததில்லை. ஒவ்வொரு வண்டியிலும் சிவப்புக் கொடி, விடாமல் ஹாரன். தலைநகர் நூமேயாவிலிருந்து பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம், நாற்பது வருடப் போராட்டத்தின் வெற்றி இது என்று ஒக்தாவ் ஒரு பக்கமும் சில்வேன் ஒரு பக்கமும் நின்று சொன்னார்கள். நடுவில் மாலையோடு அண்ணன் நின்றான். அடுத்த வாரம் சபை கூடி அவனை மேயராக்கியது.

சாலை விஷயம் மூன்றாவது கூட்டத்தில் வந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதி வைத்ததைப் படிக்காமல், எங்களைப் பார்த்துப் பேசினான். "கட்சி என்ன சொல்லுது? மண்ணு நம்மளது. அப்ப அத தோண்டற வேலையும் நம்மளதா இருக்கட்டுமே. எவனோ ஓட்டற லாரிய நம்ம பசங்க ஓட்டட்டும். இதுக்குத்தானே உங்கப்பனுங்க வேலி புடுங்கினாங்க?"

ஐயோ, அவன் கட்சிக்காரன் ஆகிவிட்டான். இத்தனை வருடம் கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். எங்கள் வாசகத்தை எடுத்து எங்கள் ஊற்றின் வாயிலேயே அடைத்தான்.

கை தூக்கச் சொன்னார்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரன் முதலில் தூக்கினான், அது அவனுடைய சாலை அல்லவா? பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. ஒக்தாவின் கை, சில்வேனின் கை. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் தூக்கினார்கள். என் கை மட்டும் மடியில் கிடந்தது. எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டபோது அதைத் தூக்கினேன். கூட்டக் குறிப்பு எழுதுகிற பெண் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள், வாராவாரம் என்னோடு பிங்கோ ஆடுகிறவள்.

வெளியே வந்ததும் இருவரையும் பிடித்தேன்.

"மாமாவுக்கு எதிரா எப்படி சின்னம்மா கையத் தூக்கறது?" என்றான் சில்வேன். "மூச்சு குடுத்தவரு."

"மூச்சு அவன் மட்டுமாடா குடுத்தான்? அவன் ஊதினான். உங்கள சொமந்தது எங்க அக்காங்க. எங்க வீட்டு மூச்சுல எனக்குப் பங்கில்லையா?"

ஒக்தாவ் செருப்பைப் பார்த்தபடி, "பேசிப் பாக்கலாம் சின்னம்மா, மொறையா பேசலாம்" என்றான். 'மொறை' என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பிங்கோப் பெண்களைக் கூப்பிட்டேன். நிதி திரட்ட அல்ல. பானை, பாய், தார்ப்பாய், அரிசி மூட்டை எல்லாம் என் பிக்கப்பில் ஏறின. ஊற்றுக்குப் போகிற ஒற்றைப் பாதை பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே குறுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தோம். எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்த வேலையைக் கட்சி எங்களுக்கு முன்பே பழக்கியிருக்கிறது. என்ன, முன்பு போலீஸ் வரும் என்று காத்திருந்தோம், இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தோம். இது அதைவிடச் சிரமமாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

பாதை அமைக்கிற இயந்திரம் காலையில் வந்தது, பின்னால் அண்ணனின் லாரிகள். எங்களைப் பார்த்து நின்றன. கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார்கள். நாங்கள் அடுப்பை மூட்டினோம். மதியம் ஒக்தாவும் சில்வேனும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கழுத்தில் சிவப்புத் துண்டு. கையில், நான் பார்த்ததை நம்பவில்லை, ஒரு புதுத் துணி. பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போட்டது. ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறுமுனையை இவன் பிடித்திருந்தான்.

எங்களுக்கும் லாரிக்கும் நடுவே, பாதையின் நட்ட நடுவில் அதை மடித்து வைத்தார்கள். மேலே புகையிலையும் ஒரு பண நோட்டும் வைத்தார்கள். தலைகுனிந்து ஒக்தாவ் பேசினான். எங்கள் தாய்மார்களின் இடத்துக்கு வந்திருக்கிறோம், வழி கேட்கிறோம், மாமா சார்பில், ஊராட்சி சார்பில், ஒன்றுபட்ட கட்சி சார்பில்.

என் பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். வைத்த துணியை எடுக்காமல் விட்டதாக எங்கள் பக்கம் கதைகூடக் கிடையாது. கொலைகாரன் வைத்தாலும் எடுத்துக்கொள்வோம். எடுத்தால் வழி விட வேண்டும்.

"அன்னைக்கு ஒரு துணிய யார் வைக்கிறதுன்னு என்ன நாயா அலையவிட்டீங்களேடா" என்றேன். "என் வாசலா, ஒன் வாசலான்னு. இன்னைக்கு எப்படிடா ஆளுக்கொரு முனையப் புடிச்சுட்டு வந்தீங்க? ஊத்த மூடறதுக்கு மட்டும் வாசல் தெரிஞ்சுதா?"

"எடுத்துக்கங்க சின்னம்மா" என்றான் சில்வேன். அழுதுகொண்டிருந்தான். "எடுத்துக்கிட்டு எங்கள நாலு அடி அடிங்க. ஆனா எடுத்துக்கங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "எடுக்க மாட்டேன்."

அவர்கள் நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு எழுந்தார்கள். வைத்தவன் தானே திரும்ப எடுக்க முடியாது, அது தன்னைத் தானே அழித்துக்கொள்வது போல. எடுடா என்று இவன் கண்ணால் சொன்னான், நீ எடு என்று அவன் சொன்னான். கடைசியில் இருவரும் எடுக்காமலே வண்டியில் ஏறினார்கள்.

இயந்திரக்காரன் வெளியூர்ப் பையன், ஆனால் அவனும் கனாக்தான். இறங்கி வந்து பார்த்தான். நாங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தோம், வேண்டுமானால் எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவன் பார்த்தது எங்களை அல்ல. துணியைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், இயந்திரத்தைப் பின்னால் எடுத்தான். முறைத் துணியின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறவன் எங்கள் தீவில் இன்னும் பிறக்கவில்லை.

அண்ணன் மறுநாள் தானே லாரியை ஓட்டிக்கொண்டு வந்தான். இறங்கி, துணிக்கு அந்தப் பக்கம் நின்றான். அதற்குள் மழை பெய்து, பூவெல்லாம் செம்மண் சேறாகியிருந்தது.

"எடு, ஒனொரின்."

"மாட்டேன்."

"இதுக்கப்புறம் எந்த வீட்லயும் ஒன் துணிய எடுக்க மாட்டாங்க. ஒன் சாவுக்குக்கூட வர மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு தண்ணிக்காகவா?"

பின்னால் ஊற்று ஓடுகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. அவன் லாரியில் ஏறி உட்கார்ந்து இன்ஜினை அணைத்தான். போகவும் இல்லை, வரவும் இல்லை. அடுப்பில் சோறு வெந்தது. அவனுக்கும் ஒரு தட்டுப் போட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமானால் அந்தத் துணியைத் தாண்ட வேண்டும், தாண்டவும் கூடாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றேன்.